சென்னைத் தூர்தர்ஷன் நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடியோ கேசட்டுகளைத் தேடிச் சேர்த்து, அதில் இருக்கும் விளம்பரங்களையும் நிகழ்ச்சிகளையும் கணினிக்கு மாற்றி வைப்பது எனக்கு நெடுநாள் வழக்கம். பிடித்துப்போய்ச் செய்வது. இது யாருக்காவது தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீடானாலும் ரயில் பயணமானாலும் கேள்விகள் வந்துவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள். அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் தங்கள் ஞாபகம் சரிதானா என்று கேட்பார்கள். பார்க்காதவர்கள் இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதிலாகத் தருகிறேன்.

"தூர்தர்ஷன் காலம், தூர்தர்ஷன் காலம்னு சொல்றீங்களே, அது எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்?"

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டெல்லியில் 1959-லேயே சோதனை ஒளிபரப்பு ஆரம்பித்தாயிற்று. நம் ஊருக்கு வந்து சேர 16 வருடம் பிடித்தது. மறுமுனை 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. அன்றுதான் சன் டிவி தொடங்கியது. அதற்குப் பிறகும் தூர்தர்ஷன் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பொதிகை என்ற பெயர் மாறி 2024-ல் டிடி தமிழ் ஆனது. ஆனால் தமிழ்நாட்டில் டிவி என்றாலே அது ஒன்றுதான் என்றிருந்தது இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான்.

அதிலும் முதல் ஏழு வருடம் டிவி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். சென்னையிலும் அதைச் சுற்றியும்தான் படம் தெரியும். ஊர் கூடிப் பார்த்தது 1982-க்குப் பிறகு. இன்று ஐம்பதை ஒட்டிய வயதில் இருப்பவர்கள் "எங்க காலத்து டிவி" என்று சொன்னால் அநேகமாக 1982 முதல் 1993 வரையிலான அந்தப் பதினோரு வருடத்தைத்தான் சொல்கிறார்கள்.

"ஒரே ஒரு சேனல்ல அப்படி என்னதான் வரும்?"

சாயங்காலம் தொடங்கி இரவில் முடிந்துவிடும். விவசாயிகளுக்கு 'வயலும் வாழ்வும்', குழந்தைகளுக்கு 'கண்மணிப் பூங்கா', நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்லும் 'எதிரொலி', நாடகம், கர்நாடக இசை, தமிழ்ச் செய்தி. ஷோபனா ரவியும் நிஜந்தனும் செய்தி வாசித்த தமிழைக் கேட்டு உச்சரிப்பு கற்றுக்கொண்ட பிள்ளைகள் நிறைய. காணாமல் போனவர்களின் படத்தைக் காட்டி, வயது, உயரம், கடைசியாக உடுத்தியிருந்த உடை எல்லாம் சொல்வார்கள். வீட்டில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கவனிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. அரை மணி நேரம் சினிமாப் பாட்டு, வாரத்துக்கு ஒரு முறை. ஞாயிறு மாலை தமிழ்ப் படம். ஞாயிறு மதியம் மாநில மொழித் திரைப்படம்: ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் அசாமி, ஒரு வாரம் மலையாளம் என்று முறை வைத்து, கீழே ஆங்கில எழுத்தோடு வரும். அப்போது அது மெதுவாக நகர்வதாகச் சலித்துக்கொண்டார்கள். பிற மாநிலங்களின் தரமான படங்களைச் சின்ன ஊர்களில் இருந்தவர்கள் செலவில்லாமல் பார்த்தது அந்த ஒரு மதியத்தில்தான். தூர்தர்ஷன் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக நான் அதைச் சொல்வேன்.

இரவு எட்டரை, எட்டே முக்கால் வாக்கில் சென்னை விலகிக்கொள்ளும், டெல்லி வந்துவிடும். அதற்கு மேல் ஹிந்தியும் ஆங்கிலமும்தான். பல வீடுகளில் அப்போதுதான் சாப்பாட்டுத் தட்டு எடுப்பார்கள்.

"ஆரம்பத்துல ஒரு கண்ணு மாதிரி சுத்திக்கிட்டே வருமே, அந்த மியூசிக் யாரோடது?"

பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது ஹுசேன் கானும் சேர்ந்து உருவாக்கியது. 'சாரே ஜஹான் ஸே அச்சா'வின் சாயல் அதில் இருக்கும். அந்தக் கண் சின்னத்தை வரைந்தவர் தேவாஷிஷ் பட்டாச்சார்யா. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்தபோது வரைந்தார்.

"கலர் டிவி எப்ப வந்துச்சு? எங்க தாத்தா வீட்டுல ரொம்ப நாள் கறுப்பு வெள்ளைதான் இருந்ததாம்."

1982 ஆகஸ்ட் 15. செங்கோட்டையில் நடந்த சுதந்திர தின விழாவை வண்ணத்தில் ஒளிபரப்பினார்கள். அதே நாளில் தேசிய ஒளிபரப்பும் தொடங்கியது. அந்த வருடம் நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்த அவசரமெல்லாம் அதற்காகத்தான்.

உங்கள் தாத்தா வீட்டு நிலைமைதான் பெரும்பாலான வீடுகளில். வண்ணத்தில் ஒளிபரப்பினாலும் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் படம் தெரியும் என்பதால் யாரும் உடனே மாற்றவில்லை. டயனோரா, சாலிடேர் இரண்டும் சென்னையில் தயாரான பெட்டிகள். மரச்சட்டத்துக்குள் வைத்து, இழுத்துச் சாத்தும் கதவும் போட்டிருப்பார்கள். திரைக்கு முன்னால் மாட்டும் நீலக் கண்ணாடித் தாள் ஒன்று கடைகளில் விற்றது. மேலே நீலம், நடுவில் மஞ்சள், கீழே பச்சை என்று மூன்று நிறம் பூசிய தாளும் உண்டு. அதை மாட்டிவிட்டுக் கலர் டிவி என்று சொல்லிக்கொண்ட குழந்தைகள் இன்று என்னிடம் வந்து "அப்படி ஒண்ணு நிஜமாவே இருந்துச்சா?" என்று கேட்கிறார்கள். இருந்தது.

"எங்க அம்மா தூத்துக்குடிப் பக்கம். சின்ன வயசுல ரூபவாஹினிதான் பார்த்தோம்னு சொல்றாங்க. இலங்கை டிவி இங்க எப்படித் தெரியும்?"

அம்மா சொல்வது சரி. ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அதற்கு முன்பே, 1979-ல் ஐ.டி.என். என்ற இன்னொரு இலங்கைத் தொலைக்காட்சி வந்துவிட்டது. தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கத்து ஊர்களுக்குச் சென்னையை விட இலங்கை கிட்டம். நடுவில் மலை இல்லை, கடல்தான். வெப்ப நாட்களில் கடல் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது டிவி அலைகள் வழக்கத்தை விட வெகு தூரம் வரும். உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, தென்கிழக்கே திருப்பி, ஒரு பூஸ்டரும் வைத்துவிட்டால் படம் கிடைத்துவிடும்.

அப்போது தென் மாவட்டங்களில் சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் எட்டவில்லை. 1980-களின் நடுவில் ஆங்காங்கே வந்த சிறிய மறுஒளிபரப்பு நிலையங்கள் டெல்லியைத்தான் நேரடியாகக் கொடுத்தன. மதுரைக்காரருக்குக் கிடைத்தது ஹிந்தி. கடற்கரைக்காரருக்குக் கூடவே சிங்களமும் கொஞ்சம் தமிழும். கொடைக்கானல் மலையில் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் தெற்கே சென்னைத் தமிழ் வீட்டுக்குள் வந்தது. ஆகையால் "எல்லோரும் ஒரே சேனல் பார்த்தோம்" என்று சென்னைக்காரர்கள் சொல்வது தமிழ்நாடு முழுவதுக்கும் பொருந்தாது. எதிர்ப்பக்கமும் இதே கதைதான்: யாழ்ப்பாணத்தில் ஆன்டெனாக்கள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

"நிகழ்ச்சியை விட விளம்பரத்தை ஏன் இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கீங்க? இப்ப வர்றது ஒண்ணுமே மனசுல நிக்கலையே."

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். காரணம் ஒன்று இல்லை, பல இருக்கின்றன.

தூர்தர்ஷனில் விளம்பரம் 1976 ஜனவரி 1 முதல்தான் வந்தது. நிகழ்ச்சியின் நடுவே வெட்டிப் போட மாட்டார்கள். தொடங்குவதற்கு முன் ஒரு கொத்தாக வரும். எல்லோரும் தயாராக வந்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது. 'ஒளியும் ஒலியும்' தொடங்கப் போகிறது என்பதற்கு அந்த விளம்பர வரிசைதான் மணி. ரிமோட் இல்லை, மாற்றிப் போக இன்னொரு சேனலும் இல்லை. விளம்பரங்களின் எண்ணிக்கையும் குறைவு. ஒரே படம் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஓடும்.

அப்புறம் பாட்டு. இந்தியாவில் வானொலி விளம்பரம் டிவிக்கு முந்தியது. விவித் பாரதியில் 1967-லேயே வந்துவிட்டது, இலங்கை வானொலியில் அதற்கும் முன்பு. படமே இல்லாமல் காதில் நிற்க வைக்க வேண்டும் என்று எழுதிப் பழகியவர்கள்தான் டிவிக்கும் எழுதினார்கள். "லைஃப்பாய் எவ்விடமோ ஆரோக்கியம் அவ்விடமே" என்ற வரியைப் பாருங்கள். எதுகையும் தாளமும் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வேலை செய்கிறது. இன்றைய விளம்பரங்கள் படத்தால் அழகாக இருக்கின்றன, பலவற்றைத் திரும்பப் பாட முடிவதில்லை.

"நிர்மாவுக்கும் லலிதாஜிக்கும் என்ன சம்பந்தம்?"

ஒன்றுக்குப் பதிலாக வந்தது மற்றது. அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-ல் வீட்டிலேயே சலவைத் தூள் தயாரித்து சைக்கிளில் விற்கத் தொடங்கினார். இறந்துபோன மகள் நிருபமாவின் பெயரிலிருந்து நிர்மா வந்தது. வெள்ளைப் பாவாடையில் சுழலும் அந்தச் சிறுமி படம் அவள் நினைவாகத்தான். விலை சர்ஃபில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தப் பாட்டு டிவியில் வந்த 1980-களில் நிர்மா நாடு முழுக்கப் பரவி, சர்ஃபின் வியாபாரத்தைப் பலமாக அடித்தது.

சர்ஃப் தரப்பில் லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்ஸி உருவாக்கிய பாத்திரம்தான் லலிதாஜி. காய்கறிக் கடையில் பேரம் பேசும், கணக்குப் பார்க்கும் குடும்பத்தலைவி. மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்பது அவர் வாதம். அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத் தூளுக்குச் சமம் என்று கணக்குச் சொல்வார். நடித்தவர் கவிதா சௌத்ரி. அவரே பிறகு, 1989-ல், ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரியாகும் கதையை 'உடான்' என்ற தொடராக எழுதி, இயக்கி, நடித்தார். 2024 பிப்ரவரியில் காலமானார். நிர்மா பாட்டை எல்லோரும் பாடுகிறார்கள். எனக்கு லலிதாஜி மேல்தான் மரியாதை அதிகம். பார்ப்பவருக்குக் கணக்கு புரியும் என்று நம்பி எடுத்த விளம்பரம் அது.

"எல்லாமே பம்பாய்ல எடுத்து டப்பிங் பண்ணதுதானா? நம்ம ஊர் விளம்பரம் எதுவும் இல்லையா?"

பெரிய நிறுவனங்களின் படங்கள் பம்பாயில் எடுத்தவை. ஹிந்தி உதட்டசைவுக்குத் தமிழ் பொருத்தினார்கள், அல்லது ஒரே மெட்டில் ஒவ்வொரு மொழியிலும் பாடிக்கொடுத்தார்கள். ஆனால் நம் ஊர் வாசனையோடு வந்தவையும் உண்டு. "பேஷ் பேஷ், ரொம்ப நன்னாருக்கு" என்ற நரசுஸ் காபி. "சொட்டு நீலம் டோய்" என்று கூவும் ரீகல். குழந்தை அழுகிறது, என்ன செய்வது என்று மகள் கேட்க, உட்வர்ட்ஸ் கொடுக்கச் சொல்லு, நீ குழந்தையாக இருந்தபோது அதைத்தான் கொடுத்தேன் என்று தாய் சொல்ல, அந்தத் தாய்க்கு அவள் தாய் சொன்னது என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போகும் கிரைப் வாட்டர் படம். அரை நிமிடத்துக்குள் ஒரு குடும்பத்தின் வரலாறு.

இசையில் இன்னொரு கதை இருக்கிறது. 1992-ல் 'ரோஜா' வருவதற்கு முன் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் விளம்பரப் பாடல்கள் செய்துகொண்டிருந்தார். ஆல்வின் கைக்கடிகாரமும் லியோ காபியும் அவற்றில் பேசப்பட்டவை. லியோ காபி விளம்பரத்தில் நடித்தவர் அரவிந்த் சாமி. இருவரையும் சினிமா கண்டுகொள்வதற்கு முன்னால் தமிழ் வீடுகள் டிவியில் பார்த்துக் கேட்டாயிற்று.

"கொடைக்கானல்ல லிரில் அருவின்னு ஒண்ணு இருக்காமே?"

பாம்பார் அருவி. 1975-ல் லிரில் சோப்புக்காகக் கேரன் லூனல் என்ற மாடல் அருவியில் குளிக்கும் படத்தை அங்கே எடுத்தார்கள். அதிலிருந்து அருவிக்கே சோப்பின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தூர்தர்ஷனில் விளம்பரம் வந்தது 1976-ல், வண்ணம் வந்தது 1982-ல் என்று மேலே சொன்னேன். அப்படியானால் 1975-ல் அந்தப் பச்சை நிறத்தை மக்கள் எங்கே பார்த்தார்கள்? தியேட்டரில். இடைவேளையில் திரை முழுக்க அருவி கொட்டும். டிவிக்கு அது பிறகுதான் வந்தது.

"சத்தியமா டிவியிலதான் பார்த்தேன், எங்க தேடியும் கிடைக்கலையேன்னு எங்க அப்பா சொல்றாரு. அவர் ஞாபகம் தப்பா?"

பார்த்தது உண்மையாகவே இருக்கும். பார்த்த இடம் மாறியிருக்கலாம். லிரில் மாதிரி தியேட்டரில் பார்த்ததை டிவி என்று நினைப்பவர்கள் ஏராளம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளை அடுக்கும் கோபால் பல்பொடி அறிவிப்பைப் பலர் டிவி விளம்பரம் என்று சொல்கிறார்கள்; அது வானொலியிலும் தியேட்டரிலும் கேட்டுக் கேட்டு ஊறியது. ஒரே பாட்டு வானொலியிலும் டிவியிலும் வந்திருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். காதில் விழுந்ததற்கு மனம் தானாகவே ஒரு படம் போட்டுவிடும்.

தேடும்போது அப்பாவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அப்போது எந்த ஊரில் இருந்தார்? தூத்துக்குடிக் கேள்வியில் சொன்ன மாதிரி அது ரூபவாஹினி விளம்பரமாகவும் இருக்கலாம். எந்த வீட்டில் பார்த்தார்? அதை வைத்து வருடம் பிடிபடும். அந்தப் பொருளை வீட்டில் வாங்கினார்களா? வாங்கியிருந்தால் அட்டைப்பெட்டி, டப்பா, நாட்காட்டி என்று வேறு தடயங்கள் கிடைக்கும். அந்த வருடங்களின் வார இதழ்களில் அச்சு விளம்பரம் பெரும்பாலும் அதே படத்தோடு வந்திருக்கும். நூலகத்தில் அதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

"ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாம ராமாயணம் எப்படிப் பார்த்தீங்க?"

கதை தெரியும், அதனால் பார்த்தோம். ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை 78 பகுதிகளாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. கைகேயி வரம் கேட்கிறாள் என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பாட்டி ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து முன்கூட்டியே கதை சொல்லிக்கொண்டிருப்பார், டிவி அவர் சொன்னதைக் காட்டும். டிவிக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றிய வீடுகளும் உண்டு.

பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் 2-ல் தொடங்கி 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகள். இதில் வசனம் கனமானது, அரசவை விவாதங்கள் நீளமானவை, நம்மவர்களுக்குப் பாதிக்கு மேல் பிடிபடாது. இருந்தும் தெரு காலியாகத்தான் இருந்தது. ஹிந்தியை எதிர்த்த மாநிலம் ஹிந்தித் தொடரைப் பார்த்ததே என்று சிலர் குத்திக் கேட்பார்கள். பார்த்தவர்கள் யாரும் கொள்கை மாறவில்லை. தமிழில் அந்த அளவுக்குச் செலவழித்து எடுத்த தொடர் எதையும் ஞாயிறு காலையில் நமக்குக் கொடுக்கவில்லை. குறை அங்கே இருந்தது.

"அப்ப தமிழ் சீரியல்னு ஒண்ணும் கிடையாதா?"

இருந்தது, நன்றாகவும் இருந்தது. தேவனின் துப்பறியும் சாம்புவாக காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகரின் 'வண்ணக்கோலங்கள்', 1990-களின் தொடக்கத்தில் கே. பாலசந்தரின் 'ரயில் சினேகம்'. வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் 13 வாரத்தில் முடிந்துவிடும். முடிவு என்ன என்று தெரிந்துகொண்டே எழுதிய தொடர்கள் என்பதால் கதை இழுபடாது. நாடகமேடைக்காரர்கள் நிறையப் பேர் நடித்ததால் வசனம் தெளிவாகக் கேட்கும்.

'மால்குடி டேஸ்' இந்தப் பட்டியலில் சேராது, பலர் தமிழ் என்று நினைத்தாலும். ஆர்.கே. நாராயணின் ஆங்கிலக் கதைகள். சங்கர் நாக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எடுத்தார். இசை நம் எல். வைத்தியநாதன், கோட்டோவியம் ஆர்.கே. லக்ஷ்மண். எல்லாம் தெரிந்த முகம், தெரிந்த தெரு போலிருந்ததால் மொழி மறந்துபோனது.

"ஜுனூன் தமிழ்னு கிண்டல் பண்றாங்களே, அது என்ன?"

'ஜுனூன்' 1990-களின் நடுவில் தூர்தர்ஷனில் வந்த நீண்ட ஹிந்தித் தொடர். தமிழில் மொழிமாற்றம் செய்தார்கள். ஹிந்தி உதட்டசைவு எங்கே நிற்கிறதோ அங்கே தமிழும் நிற்க வேண்டும் என்பதால் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டார்கள்: "நான் விடமாட்டேன் உன்னை", "வந்திருக்கேன் நான் இங்கே", இந்த ரீதியில். ஊர் முழுக்க அப்படிப் பேசிப் பார்த்துச் சிரித்தது.

ஆனால் அந்த டப்பிங் கலைஞர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. குறைந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான பகுதிகளுக்குக் குரல் கொடுத்தார்கள். உணர்ச்சி எங்கும் தவறவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு பகுதி விடாமல் வீடுகளில் பார்த்ததற்கு அந்தக் குரல்கள்தான் காரணம்.

"தூர்தர்ஷன்ல எல்லாத்தையும் பத்திரமா வச்சிருப்பாங்களே, ஏன் முழுசா வெளியிடல?"

எல்லாம் இல்லை. அன்றைய ஒளிப்பதிவு நாடாக்கள் விலை கூடியவை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை. ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பிய பிறகு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த வழக்கம், இங்கும் அப்படித்தான். நேரடியாக ஒளிபரப்பிய அறிவிப்பு, செய்தி, இடைச்செருகல் அட்டைகள் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டை இன்று எத்தனை பேருக்குக் கண்ணில் நிற்கிறது, ஆனால் அன்று அது ஒரு மன்னிப்பு அட்டை, அவ்வளவுதான்.

தப்பியவை மெதுவாக வருகின்றன. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் ஆவணப் பிரிவு பழைய இசை நிகழ்ச்சிகளையும் தொடர்களையும் யூடியூபில் ஏற்றி வருகிறது. 2020 ஊரடங்கில் 'ராமாயண்' மறுபடி ஒளிபரப்பாகி, ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. விளம்பரங்கள் விஷயம் வேறு. அவை நிலையத்தின் சொத்து இல்லை. தயாரித்த நிறுவனங்களிடமும் விளம்பர நிறுவனங்களிடமும் படச்சுருளாக இருந்தவை. கம்பெனி கைமாறும்போதும் அலுவலகம் மாறும்போதும் பல சுருள்கள் போய்விட்டன. சிறிய உள்ளூர் நிறுவனங்களின் தமிழ் விளம்பரங்கள்தான் அதிகம் அழிந்தவை. அவை இன்று மிஞ்சியிருந்தால் அது வீட்டு கேசட்டுகளில்தான்.

"எங்க வீட்டுப் பரண்ல பழைய வீடியோ கேசட் கிடக்கு. என்ன பண்ணலாம்?"

முதலில், எடுத்த உடனே போட்டுப் பார்க்காதீர்கள். மூடியைத் தூக்கி நாடாவின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பூச்சு மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அதைப் பிளேயரில் போட்டால் நாடா கிழியலாம், பூஞ்சை பிளேயரின் தலைக்கும் அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் போகும். அப்படிப்பட்டதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். பூஞ்சை இல்லாவிட்டால் ஒரு முறை முழுக்க ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன் பிறகு பதிவு செய்யுங்கள். நம் ஊர்ப் பதிவுகள் பால் (PAL) என்ற வீடியோ முறையில் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பிளேயரில் சரியாக வராது. வேலை செய்யும் பிளேயர் கையில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியதோடு புதிய வி.சி.ஆர். உலகில் வருவது நின்றுவிட்டது.

இரண்டாவது, வெட்டாதீர்கள். கல்யாண வீடியோவின் முடிவில் மிச்சமிருந்த நாடாவில் யாரோ 'ஒளியும் ஒலியும்' பதிந்திருப்பார்கள், அதற்கு முன்னால் இரண்டு நிமிட விளம்பரம் ஒட்டிக்கொண்டிருக்கும். தேவையில்லாதது என்று கடையில் வெட்டிவிடுவார்கள். முழுதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கேசட் மேல் எழுதியிருக்கும் தேதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடம் வேறு எங்கும் இல்லாததாக இருக்கலாம்.

"முப்பது நாப்பது வருஷம் ஆச்சே, தாராளமா யூடியூப்ல போடலாம்தானே?"

சட்டப்படி பார்த்தால் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி திரைப்படமாக எடுக்கப்பட்ட எதற்கும், விளம்பரம் உட்பட, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. 1985-ல் வந்த விளம்பரம் 2045 முடியும்வரை உரியவருடையது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிறுவனமே பொதுவாக அந்த உரியவர். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அந்த ஒளிபரப்பின் மேல் உள்ள தனி உரிமை 25 வருடம்தான், அது முடிந்திருக்கும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் "காலம் முடிந்துவிட்டது" என்கிறார்கள்.

நடைமுறையில், பழைய விளம்பரத்தைப் பகிர்ந்தவர் மேல் நிறுவனங்கள் பாய்வது குறைவு. சினிமாப் பாட்டு இருந்தால் இசை நிறுவனம் உடனே நிறுத்தும். விமர்சனத்துக்காகச் சிறு பகுதியைப் பயன்படுத்த சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. கூடுமானவரை அந்த நிறுவனத்துக்கே ஒரு பிரதி அனுப்பி அனுமதி கேளுங்கள். அவர்களிடமே இல்லாத படமாக இருந்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

"நிஜமாவே அப்ப நல்லா இருந்துச்சா, இல்ல உங்களுக்குச் சின்ன வயசுங்கறதால அப்படித் தோணுதா?"

இரண்டும். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை மற்ற வயதுகளை விட அடர்த்தியாக நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். 1993-க்குப் பிறகு பிறந்தவருக்கு 'சக்திமான்' இதே பாடுபடுத்தும்.

குறைகளையும் சொல்லவேண்டும். செய்தி அரசாங்கத்தின் செய்தி. தூர்தர்ஷனுக்குத் தன்னாட்சி தரும் பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியும் 1997-ல்தான் நடைமுறைக்கு வந்தது. விளம்பரங்களில் பெண் என்றால் துவைப்பவள், சமைப்பவள், சிவப்பழகுக்கு ஏங்குபவள். ஊரில் ஒரு வீட்டில் டிவி இருந்தபோது எல்லோரும் ஒன்றாகப் பார்த்தார்கள் என்று இனிப்பாகச் சொல்கிறோம். ஆனால் சிலர் நாற்காலியில், சிலர் தரையில், சிலர் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். யார் எங்கே என்பதை ஜாதியும் காசும் தீர்மானித்தன. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களிடம் நான் பேசியிருக்கிறேன். அவர்களுக்கும் நிர்மா பாட்டு முழுசாகத் தெரியும், கதவு சாத்தப்பட்டதும் தெரியும்.

நான் ஏங்குவது தரத்துக்கு இல்லை. நேற்று இரவு பார்த்ததைப் பற்றி மறுநாள் காலை டீக்கடையில் யாரிடம் வேண்டுமானாலும் பேச்சு தொடங்கலாம், அவரும் அதைத்தான் பார்த்திருப்பார். அது இப்போது கிரிக்கெட் இறுதிப் போட்டி நாளில் மட்டும்தான் கிடைக்கிறது.

"என் பொண்ணுக்குப் பதினோரு வயசு. இதையெல்லாம் காட்டணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?"

'மால்குடி டேஸ்'. பல கதைகள் தனித்தனி, ஒவ்வொரு பகுதியும் அரை மணிக்குள் முடியும், சாமி என்ற சிறுவன் அவள் வயதுக்குப் பக்கத்தில் இருக்கிறான். நேராக 'மகாபாரத்'துக்குப் போகாதீர்கள், வேகம் அவளுக்கு ஒத்துவராது. விளம்பரங்களை ஐம்பது சேர்த்த தொகுப்பாகக் காட்டினால் ஐந்தாவதிலேயே அலுத்துவிடும். கதைக்கு முன்னால் நான்கைந்து மட்டும் போடுங்கள், தினமும் அதே நான்கைந்து. அந்தக் கிரைப் வாட்டர் படம் அதில் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் அம்மா பக்கத்தில் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்லுங்கள், அந்த வசனம் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.